போர்ட்ரெய்ட் எடுக்க 12 நாள் இருக்கு: முடி, மேக்கப் எப்படித் தயார் பண்றது?

கார்முகில் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அடுத்த மாசம் புது வேலையில சேர்றேன். நிறுவனத்தோட இணையப் பக்கத்துல போடறதுக்கு நல்ல போர்ட்ரெய்ட் ஒண்ணு கேட்டிருக்காங்க. ஸ்டுடியோவுல ஒரு மணி நேரம் சொல்லி வச்சாச்சு. இன்னும் 12 நாள் இருக்கு.

இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பதட்டம்னு கேக்கலாம். 6 வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு படம் எடுத்தேன். மேக்கப் போட வந்தவங்க, "கேமராவுக்கு ஒரு ஷேடு தூக்கலா இருந்தாதான் எடுப்பா இருக்கும்"னு சொல்லி என் நிறத்தைவிட வெளுப்பா பவுண்டேஷன் போட்டாங்க. எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியல. படத்துல முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்துச்சு. கழுத்தும் காதும் மட்டும் என் நிறம். அந்தப் படம்தான் 6 வருஷமா என் பேருக்குப் பக்கத்துல இருந்தது. முதல்முறையா சந்திக்க வர்றவங்க என்னைத் தாண்டிப் போயிருக்காங்க. ஒருத்தர் என்கிட்டயே வந்து என் பேரைச் சொல்லி, அவங்க எங்க இருக்காங்கன்னு கேட்டார். இந்தத் தடவை படத்துல நான் இருக்கணும்.

விவரம் சொல்லிடறேன். கருப்பு நிறம். நெத்தியும் மூக்கும் எண்ணெய் வழியும், கன்னம் வறண்டது. அலை அலையான முடி, தோளுக்குக் கீழ ஒரு சாண். கிட்டப்பார்வைக் கண்ணாடி போடறேன். கண்மை, லிப்ஸ்டிக் தவிர வேற எதுவும் போட்டுப் பழக்கமில்ல. நானே போட்டுக்கலாமா, ஆள் வைக்கணுமா? முடியை நேராக்கணுமா? எதை எந்த நாள்ல செய்யணும்?


தூரிகை

நான் 9 வருஷமா மேக்கப் தொழில்ல இருக்கேன். "ஒரு ஷேடு தூக்கலா" எனக்கும் ஆரம்பத்துல சொல்லிக் கொடுத்ததுதான். தப்புன்னு புரிய ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள எத்தனை பேர் முகத்தைச் சாம்பலாக்கினேனோ, இப்பவும் நினைச்சா மனசு கனக்குது. உங்க பதிவைப் படிச்சதும் முதல்ல அதுதான் ஞாபகம் வந்துச்சு.

ஷேடு பார்க்கறது இப்படி. கை மேல தேய்ச்சுப் பார்க்காதீங்க, கையும் முகமும் ஒரே நிறமில்ல. கன்னத்துல ஆரம்பிச்சு தாடை எலும்பைத் தாண்டி கழுத்து வரைக்கும் பக்கத்துப் பக்கத்துல மூணு ஷேடைக் கோடா இழுங்க. உடனே முடிவு பண்ணாம, 15 நிமிஷம் கழிச்சு ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல பாருங்க. பல பவுண்டேஷன் காத்துப் பட்டதும், சருமத்து எண்ணெயோட கலந்ததும் நிறம் மாறும், கொஞ்சம் கருக்கும், இல்லன்னா ஆரஞ்சா திரும்பும். பாட்டில்ல சரியா இருந்தது கால் மணி நேரத்துல தப்பாகறது அதனாலதான். எந்தக் கோடு இருக்கற இடமே தெரியாம மறையுதோ, அது உங்களோடது.

நெத்தியும் வாயைச் சுத்தியும் கருத்து, கன்னம் வெளுத்து இருக்கறது நம்ம நிறத்துக்காரங்களுக்குச் சகஜம். அப்போ கழுத்தோட சேர்ற ஷேடை எடுங்க. கடைசியில படத்துல முகம் கழுத்து மேலதானே உக்காரும்.

கண்ணுக்குக் கீழ கருவளையம் இருந்தா அது மேல நேரா வெளுத்த கன்சீலர் (கறையை மறைக்கற க்ரீம்) வைக்காதீங்க. கருப்பு மேல வெளுப்பு வச்சா சாம்பல்தான் வரும். முதல்ல ஆரஞ்சு சாயல் கரெக்டர், ரொம்ப மெல்லிசா. அது நீலத்தையும் பழுப்பையும் அடக்கும். அது மேல உங்க நிறத்துலயே கன்சீலர்.

நாள் கணக்குக்கு வர்றேன். முடி வெட்டணும்னா இந்த வாரத்துக்குள்ள வெட்டிடுங்க, ஒரு வாரத்துல அது உங்க முடியா படிஞ்சிடும். ஃபேஷியல் பழக்கமில்லன்னா இப்போ வேண்டவே வேண்டாம். பழக்கம் இருந்தாலும் ஒரு வாரம் முன்னாடியே முடிச்சிடணும். த்ரெட்டிங், வேக்ஸிங் ரெண்டு மூணு நாள் முன்னாடி. முந்தின நாள் பண்ணினா புருவத்துக்கு மேல சின்னச் சின்னதா பொரிப்பொரியா கிளம்பும், அது மேல பவுண்டேஷன் உக்காராது. டை அடிக்கறதா இருந்தா கொஞ்சம் காதுக்குப் பின்னாலயோ முழங்கை மடிப்புலயோ வச்சு 48 மணி நேரம் பாருங்க. ஒவ்வாமை அன்னைக்கே காட்டணும்னு இல்ல, ரெண்டாம் நாள் மூணாம் நாள்கூட வீங்கும். புதுசா எதை முகத்துல போட்டாலும் இதே விதி.

நீங்களே போடலாமான்னா, தாராளமா. ஆனா ரெண்டு ஒத்திகை வேணும். ஆள் வைக்கறீங்கன்னா உங்க நிறத்துல இருக்கறவங்களுக்குப் போட்ட, ரீடச் பண்ணாத (கணினியில திருத்தாத) படத்தைக் காட்டச் சொல்லுங்க. காட்டத் தயங்கினா வேற ஆளைப் பாருங்க.


நிழல்விரும்பி

சகோதரி, நான் போர்ட்ரெய்ட் மட்டுமே எடுப்பவன். தூரிகை சொன்னதோடு கேமரா பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

"எடுப்பாகத் தெரிய வெளுப்பு" என்ற யோசனை எங்கிருந்து வருகிறது தெரியுமா? கேமராவின் தானியங்கி அளவீடு, தான் பார்க்கும் காட்சியை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைப் பின்னணிக்கு முன்னால் கருத்த முகம் இருந்தால், பின்னணியின் பளிச்சைக் குறைக்கிறேன் என்று முகத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். அதைச் சரிசெய்ய வேண்டியவர் கேமராவைப் பிடித்திருப்பவர். அவர் அதைச் செய்யாமல் விட்டால், மேக்கப் போடுபவர் தலையில் அந்த வேலை விழுகிறது. வெளிச்சம் கொடுப்பது என் பொறுப்பு. அதைப் பவுண்டேஷன் செய்ய முயன்றால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

ஸ்டுடியோவுக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்: ஃப்ளாஷா, தொடர்ந்து எரியும் விளக்கா? பின்னணி என்ன நிறம்? தோள்வரையா, இடுப்புவரையா? கறுப்பு வெள்ளையிலும் தருவார்களா? இந்த நான்குக்கும் விடை தெரிந்தால் பாதி மேக்கப் முடிவாகிவிடும்.

இன்னொன்று, பலர் பயப்படுவது தவறான விஷயத்துக்கு. அன்று காலையில் முகப்பரு வந்தால் கலங்க வேண்டாம். ரீடச் செய்ய அரை நிமிடம் போதும். கிள்ளிப் புண்ணாக்காமல் மட்டும் வாருங்கள். எனக்கு உண்மையில் மணிக்கணக்கில் வேலை வைப்பவை வேறு: கண்ணாடிச் சட்டத்துக்குக் குறுக்கே விழும் பிசிறு முடி, கழுத்தோடு ஒட்டாத முகநிறம், சுருக்கங்களில் இறங்கிய பவுடர், கண்ணிமையில் மினுமினுப்புத் தூள். மினுமினுப்பு ஒவ்வொன்றும் விளக்கைத் தனித்தனியாகப் பிரதிபலித்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதற்குள் எந்த விவரமும் பதிவாகியிருக்காது, மீட்கவும் முடியாது.

சீரான விளக்கில் முகத்தின் மேடு பள்ளம் சற்று மட்டமாகத் தெரியும். ஆகவே புருவம், இமைமுடி, உதடு இந்த மூன்றும் தினசரி அளவைவிட ஒரு படி அழுத்தமாக இருக்கலாம். கண்ணாடியில் பார்க்கும்போது "கொஞ்சம் அதிகமோ" என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள்.


வெள்ளிக்கோடு

நிழல்விரும்பி சொன்ன "சுருக்கத்துல இறங்கின பவுடர்" என் கதை. எனக்கு 61 வயசு. போன வருஷம் ஓய்வுபெறும்போது எடுத்த படத்துல, நிஜத்துல இல்லாத பத்து வயசு கூடித் தெரிஞ்சுது. வறண்ட சருமத்துல, மாய்ஸ்சரைசர் தடவின கையோட பவுண்டேஷன், அது மேல பவுடர். சிரிக்கச் சொன்னதும் கண்ணோரத்துல கோடு கோடா பிளந்துது. கன்னத்துல இருந்த பூனைமுடியில எல்லாம் பவுடர் ஒட்டிக்கிட்டு, பக்கவாட்டு விளக்குல பஞ்சு மாதிரி இருந்துது.

ரெண்டாவது தடவை எடுத்தப்போ மாய்ஸ்சரைசர் தடவி 20 நிமிஷம் விட்டேன். கன்னத்துக்கு க்ரீம் ப்ளஷ். பவுடர் மூக்குக்கும் நெத்திக்கும் மட்டும். கண்ணுக்குக் கீழ தொடவே இல்ல. உதட்டுக்கு முதல்ல லைனர், இல்லன்னா லிப்ஸ்டிக் சுருக்கத்து வழியா மேல ஏறிடும். படம் நல்லா வந்துது மா. இப்ப அதுதான் வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கு.

முடிக்கு டை அடிக்கல, வெள்ளையாவே விட்டேன். மஞ்சள் பாஞ்சிருந்ததுக்கு ரெண்டு தடவை ஊதா ஷாம்பு போட்டேன், மஞ்சளை அது அடக்கிடும். வெளுத்த பின்னணியில வெள்ளை முடி கரைஞ்சு போகும்னு சொல்லி அடர்ந்த பின்னணி வச்சாங்க. நரை உள்ளவங்க இதைக் கேட்டு வாங்கிக்கணும்.

கார்முகில், முந்தின நாள் தலைக்குக் குளிச்சிடு மா. அன்னைக்கே குளிச்சா முடி வழுக்கிக்கிட்டு நிக்காது.


சுருள்

வெள்ளிக்கோடு அம்மா சொன்னது நேர் முடிக்குச் சரி. அலையும் சுருளும் உள்ளவங்களுக்கு அதை அப்படியே எடுத்துக்கக் கூடாதுன்னு நினைக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

சுருள் முடி முந்தின நாள் அலசி, அதோட படுத்து எழுந்தா ஒரு பக்கம் சப்பையாவும் மறுபக்கம் சிலும்பியும் இருக்கும். அன்னைக்குக் காலையில அலசினாதான் எனக்குச் சரியா வரும். ஆனா முழுசா காயறதுக்கு நேரம் கணக்குப் பண்ணணும். என் முடி காத்துல காய நாலு மணி நேரம் ஆகும். பாதி ஈரத்தோட போனா அங்கே காயக் காய உருவம் மாறிக்கிட்டே இருக்கும், முதல் படத்துல ஒரு முடி, கடைசிப் படத்துல வேற முடி. அலை முடின்னா முந்தின நாள் மதியம் அலசி, உச்சியில தளர்வா ஒரு கொண்டை போட்டு, வழவழப்பான துணி உறை போட்ட தலையணையில படுத்துட்டு, காலையில கையை லேசா நனைச்சு மேலால தடவினாலே போதும். ரெண்டு விதமாவும் செஞ்சு பாருங்க, 12 நாள் இருக்கே.

ஈரமா கண்டிஷனர் இருக்கும்போதே சிக்கு எடுத்திடணும். காஞ்ச பிறகு சீப்பு போடவே கூடாது. போட்டா அலை பிரிஞ்சு பஞ்சாயிடும். துண்டால தேய்க்காம, பழைய பருத்தி டி-ஷர்ட்டால அமுக்கி எடுக்கணும்.

நேராக்கணுமான்னு கேட்டீங்க. நீங்க தினமும் நேராத்தான் விடறீங்கன்னா பண்ணுங்க. இல்லன்னா எதுக்கு? படத்துல நான் இருக்கணும்னு எழுதியிருக்கீங்க, முடியும் நீங்கதானே. அதோட, ஸ்ட்ரெய்ட்னர் மாத்தறது முடிக்குள்ள இருக்கற ஹைட்ரஜன் பிணைப்பைத்தான். காத்துல ஈரம் இருந்தா அது திரும்பப் பழைய இடத்துக்கே போகும். மழைக்காலத்துல நேராக்கின முடி ஸ்டுடியோ வாசலுக்குப் போறதுக்குள்ள சிலும்ப ஆரம்பிச்சிடும். பண்ணியே ஆகணும்னா வெப்பத்தடுப்பு ஸ்ப்ரே போட்டு, மெல்லிய முடிக்கு 150 டிகிரி, அடர்ந்த முடிக்கு 180 டிகிரி செல்சியஸ். அதுக்கு மேல எனக்குத் தேவைப்பட்டதே இல்ல. ஈர முடியில வைக்கவே வைக்காதீங்க. உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி முடித்தண்டுக்குள்ளயே குமிழ் விட்டுடும். அந்த இடத்துல முடி ஒடியும்.


நிழல்விரும்பி

சுருள் சொன்னதை ஆமோதிக்கிறேன். பின்னாலிருந்து முடிக்கு ஒரு விளக்கு வைப்பது எங்கள் வழக்கம். அதில் ஒவ்வொரு பிசிறும் வெள்ளிக் கம்பிபோல் எரியும். சிலும்பிய சுருள் அப்படி எரிவது அழகு. நேராக்கிய முடியில் நாலு பிசிறு எழுந்து நிற்பது குறையாகத் தெரியும். ஹேர் ஸ்ப்ரேயைத் தலையில் நேரடியாக அடிக்காமல், கழுவிய பழைய மஸ்காரா தூரிகையிலோ புதுப் பல்தூரிகையிலோ அடித்து, உச்சியிலும் வகிட்டிலும் மெதுவாகப் படிய வையுங்கள். வகிடு அகலமாகத் தெரிந்தால் முடிநிறத்திலேயே மினுக்கமில்லாத ஐஷேடோவை லேசாக ஒற்றினால் போதும்.


தாடிக்காரன்

நடுவுல புகுந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும். எனக்கும் அடுத்த வாரம் இதே வேலை. மேக்கப் போடறதா இல்ல. தாடி, பாதி வழுக்கை. எனக்கு ஏதாவது தேவையா?


தூரிகை

தேவை சகோ, ஆனா ரொம்ப இல்ல. தாடியை ஒரு நாள் முன்னாடி ட்ரிம் பண்ணுங்க. கழுத்துல தாடி முடியற கோடு தெளிவா இருக்கணும், படத்துல முதல்ல கண்ணுல படறது அதுதான். கழுத்தை ஷேவ் பண்றதா இருந்தா முந்தின நாள் சாயங்காலம் பண்ணிடுங்க, காலையில சிவப்பு தணிஞ்சிருக்கும். முடி சுருண்டு தோலுக்குள்ள வளர்ற வகைன்னா ரேசர் வேண்டாம், ட்ரிம்மரோட நிறுத்துங்க. மூக்குமுடி, காதுமுடி பார்த்துக்கோங்க. உதட்டுக்கு முந்தின ராத்திரி பாம் தடவுங்க, வெடிச்ச உதட்டைச் சரி பண்றது ரீடச்சுலயும் கஷ்டம்.

உச்சந்தலைக்கும் நெத்திக்கும் எண்ணெய் உறிஞ்சற தாளை ஒத்தி எடுங்க. அது போதலன்னா நிறமில்லாத மேட் ஜெல், பொட்டளவு. அதை மேக்கப்னு நினைக்க வேண்டாம், விளக்கு எதிரொளிக்காம இருக்கறதுக்கு.


கார்முகில்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்டுடியோவுல கேட்டுட்டேன்: ஃப்ளாஷ், பெரிய சாஃப்ட்பாக்ஸ் (விளக்கு முன்னாடி மாட்டி வெளிச்சத்தை மென்மையாக்கற துணிப்பெட்டி). அடர்ந்த சாம்பல் பின்னணி. தோள்வரைக்கும். கறுப்பு வெள்ளையிலயும் ரெண்டு படம் தருவாங்களாம்.

இன்னைக்கு முதல் ஒத்திகை பண்ணினேன். ஷேடு கிடைச்சிடுச்சு. நான் இத்தனை நாள் என்னோடதுன்னு நினைச்சிருந்ததைவிட ரெண்டு படி அடர்த்தி. 15 நிமிஷம் கழிச்சு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தப்போ கோடு காணாமப் போயிருந்தது. கொஞ்ச நேரம் கண்ணாடி முன்னாடியே நின்னேன்.

ஆனா ஒரு பிரச்சினை. இருட்டு அறையில ஃபோன் ஃப்ளாஷ் போட்டு படம் எடுத்துப் பார்த்தா, கண்ணுக்குக் கீழயும் மூக்கு மேலயும் வெள்ளை வெள்ளையா திட்டு. நேர்ல பார்த்தா ஒண்ணுமே தெரியல. திரும்பவும் அதே சாம்பலான்னு வயித்தைக் கலக்கிடுச்சு. போட்டது: சன்ஸ்க்ரீன், பவுண்டேஷன், கன்சீலர், அது மேல நிறமில்லாத வெள்ளைப் பவுடர்.


தூரிகை

பயப்படாதீங்க, இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை. ரெண்டு ஆள் மேல சந்தேகம். ஒண்ணு அந்த வெள்ளைப் பவுடர். அது பெரும்பாலும் சிலிக்கா. விரல்ல எடுத்தா இல்லாத மாதிரி மறையும், ஆனா கொஞ்சம் கூடுதலா போட்டா ஃப்ளாஷ் வெளிச்சத்தை நேரா கேமராவுக்கே திருப்பி அடிக்கும். இன்னொண்ணு சன்ஸ்க்ரீன். டப்பாவுல ஜிங்க் ஆக்சைடு, டைட்டேனியம் டை ஆக்சைடுன்னு இருக்கான்னு பாருங்க. வெயிலைத் தடுக்கற அந்த வெள்ளைத் தூள் ஃப்ளாஷையும் திருப்பி அனுப்பும். நம்ம நிறத்துல அது இன்னும் எடுத்துக் காட்டும்.

ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாருங்க. நாளைக்கு சன்ஸ்க்ரீன் இல்லாம ஒரு படம். அப்புறம் பவுடர் இல்லாம ஒரு படம். ரெண்டையும் ஒரே நேரத்துல நிறுத்தினா எது குற்றவாளின்னு தெரியாது.


நிழல்விரும்பி

ஃபோன் ஃப்ளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் இந்தச் சோதனையில் மிகக் கடுமையாகத் தெரியும். ஸ்டுடியோவில் விளக்கு பக்கவாட்டிலும் உயரத்திலும் இருக்கும், சாஃப்ட்பாக்ஸ் அதைப் பரப்பியும் விடும். அங்கே இவ்வளவு மோசமாக வராது. இருந்தாலும் ஃபோன் சோதனையில் தேறிவிட்டால் எங்கும் தேறும், ஆகவே விடாமல் செய்யுங்கள்.

மேக்கப் போடும் இடத்து விளக்கையும் கவனியுங்கள். மஞ்சள் பல்புக்குக் கீழே ப்ளஷ் போட்டால் நிறம் தெரியாமல் மேலும் மேலும் தீட்டிவிடுவோம். ஸ்டுடியோ ஃப்ளாஷின் நிறம் ஏறக்குறைய 5500 கெல்வின், நண்பகல் வெளிச்சத்துக்குச் சமம். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து போடுவதே சிறந்தது. ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் ஒரு கன்னம் சிவந்தும் மறு கன்னம் வெளிறியும் முடியும்.


படச்சுருள்

கறுப்பு வெள்ளை என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. பல வருடம் இருட்டறையில் படம் கழுவியவன் நான்.

மௌனப்படக் காலத்தில் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருளுக்குச் சிவப்பே தெரியாது. சிவந்த உதடு படத்தில் கறுப்பாக விழும், சிவந்த கன்னம் அழுக்குப்போல் தெரியும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் படச்சுருள் பரவியபோது பழைய ஒப்பனை முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. அதற்கென்று மாக்ஸ் ஃபாக்டர் 1928இல் தனி ஒப்பனை வரிசையே கொண்டுவந்தார். ஒப்பனையும் கேமராவும் எப்போதும் சேர்ந்தேதான் மாறியிருக்கின்றன.

இன்று டிஜிட்டலில் கறுப்பு வெள்ளை ஆக்கும்போது எந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதை மாற்றுபவரே முடிவு செய்கிறார். அங்கே நிறம் போய்விடும், அடர்த்தி மட்டும் நிற்கும். உங்கள் லிப்ஸ்டிக் உங்கள் சருமத்தின் அதே அடர்த்தியில் இருந்தால் உதடே காணாமல் போகும். ஒத்திகைப் படத்தை ஃபோனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு செய்தி. வண்ணப்படம் வந்த பிறகு, அச்சில் சருமநிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஷெர்லி கார்டு என்பார்கள். பல பத்தாண்டுகள் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண் ஒருவர் மட்டுமே. அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. வெவ்வேறு நிறப் பெண்கள் சேர்ந்து இருந்த கார்டு வர 1990கள் ஆயிற்று. அந்த அளவுகோலை வைத்துத்தான் நாங்கள் தொழில் கற்றோம். கருத்த முகங்களை வெளுப்பாக்கி அச்சிட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, நாங்களாகவே செய்தோம். இன்று அதற்காக வருந்துகிறேன். உங்கள் ஷேடில் உறுதியாக நில்லுங்கள் மகளே.


கார்முகில்

ஐயா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நன்றி.

சோதனை முடிவு: குற்றவாளி பவுடர்தான். சன்ஸ்க்ரீன் இல்லாமலும் திட்டு வந்தது, பவுடரை விட்டதும் போயிடுச்சு. சன்ஸ்க்ரீனும் லேசா நீலம் பூசின மாதிரி காட்டுது, அதனால உள்ளரங்கப் படம்தானே, அன்னைக்கு வேண்டாம்னு விட்டுட்டேன். இப்ப எண்ணெய் உறிஞ்சற தாள், அப்புறம் என் நிறத்துலயே இருக்கற பவுடர், மூக்குக்கும் நெத்திக்கும் மட்டும். லிப்ஸ்டிக்கும் கறுப்பு வெள்ளையில காணாமத்தான் போச்சு! அதைவிட அடர்ந்த மெரூன் எடுத்திருக்கேன்.

கடைசிக் கேள்வி, கண்ணாடி. கழட்டிட்டு எடுக்கலாமா?


நிழல்விரும்பி

எப்போதும் அணிபவர் என்றால் அணிந்தே எடுங்கள். உங்களைச் சந்திப்பவர்கள் கண்ணாடியோடுதான் பார்ப்பார்கள். ஓரிரு படம் கழற்றியும் எடுத்து வைக்கலாம்.

விளக்கு லென்ஸில் தெரிந்தால், சட்டத்தின் காதுப்பக்கக் கம்பியைக் காதிலிருந்து அரை விரற்கடை தூக்கி வையுங்கள். லென்ஸ் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து, எதிரொளியும் கீழே போய்விடும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எதிரொளிப்பு குறைக்கும் பூச்சு உள்ள லென்ஸாக இருந்தால் இன்னும் நல்லது. விரல்ரேகையைத் துடைத்துவிட்டு வாருங்கள், அது விளக்கில் புகைபோல் பரவும்.


தூரிகை

கிட்டப்பார்வை லென்ஸ் கண்ணைச் சின்னதா காட்டும். அதனால கீழ் இமையோட உள்பக்கம் கண்மையைச் சுத்தி வளைச்சு இழுக்காதீங்க, இன்னும் சுருங்கிடும். மேல் இமையில முடி முளைக்கற வரியோட ஒட்டி இழுங்க, மஸ்காராவை வேர்ல அழுத்தி நுனியில விட்டுடுங்க, நீளமாயிட்டா லென்ஸ்ல இடிக்கும். புருவம் சட்டத்துக்கு மேல தெளிவா தெரியணும்.

மேக்கப் போடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே கண்ணாடியைக் கழட்டிடுங்க, மூக்குல அழுந்தின தடம் மறையட்டும். மூக்குத்தாங்கி உக்கார்ற இடத்துல பவுண்டேஷன் இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்குத்தான் இருக்கணும். நிறைய போட்டா சறுக்கிக்கிட்டே இருக்கும், கழட்டினா திட்டு தெரியும்.

முந்தின ராத்திரி நல்லா தூங்குங்க. எழுந்த கையோட படம் வேண்டாம், கண் வீக்கம் வடிய ஒரு மணி ரெண்டு மணி நேரம் ஆகும். சட்டையை மேக்கப்புக்கு முன்னாடியே மாத்திக்கோங்க, தலைவழியா போடற துணின்னா எல்லாம் போச்சு.


சுருள்

முடி என்ன முடிவு பண்ணினீங்க?


கார்முகில்

ரெண்டு விதமாவும் செஞ்சு பார்த்தேன். முந்தின நாள் மதியம் அலசி, கொண்டை போட்டுப் படுத்ததுதான் எனக்குச் சரியா வந்துச்சு. நேராக்கல.


கார்முகில் (ஆறு நாள் கழித்து)

எடுத்தாச்சு. வந்து சொல்லாம இருக்க முடியல.

மேக்கப் நானே போட்டேன், ஜன்னலுக்கு எதிரே, 50 நிமிஷம். ஸ்டுடியோவுல முதல் நாலு படத்துல ஒரு பக்கக் கன்னத்துல முடி நிழல் விழுந்துச்சு. அந்தப் பக்கத்து முடியை தோளுக்குப் பின்னால தள்ளி, காதுக்குப் பின்னாடி ஒரு கிளிப் போட்டதும் சரியாச்சு. கிளிப்பை வீட்ல இருந்து எடுத்துட்டுப் போகலன்னா திண்டாடியிருப்பேன், தாளும் லிப்ஸ்டிக்கும் மட்டும் எடுத்தா போதும்னு நினைச்சிருந்தேன். கம்பியைத் தூக்கி வைக்கற வித்தையைச் சொன்னதும் படம் எடுக்கறவர் "யார் சொல்லிக் கொடுத்தாங்க?"ன்னு கேட்டார். ஒரு மணி நேரத்துல ரெண்டு தடவை மூக்கை ஒத்தி எடுத்தேன், வேற எதையும் திருத்த வேண்டி வரல.

நடுவுல ஒரு தடவை, திரையில படத்தைப் பார்த்துட்டு அவர், "முகத்தை இன்னும் கொஞ்சம் வெளுப்பா ஏத்திடட்டுமா?"ன்னு நல்ல மனசோடதான் கேட்டார். வேண்டாம்னு சொன்னேன். காரணம் கேட்டார். முகத்தைத் திரைக்குப் பக்கத்துல கொண்டு போய், ரெண்டையும் சேர்த்துப் பாருங்கன்னேன். பார்த்துட்டு, மவுஸ்ல இருந்து கையை எடுத்துட்டார்.